ஒரே தடவை கூப்பிட்ட பெயர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வகுப்பு முழுவதற்கும் ஆப்சென்ட் போட்ட டீச்சர் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் பிள்ளைகள் என் கண்ணெதிரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒருவர் வாயும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ‘அப்படியா சேதி’ என்று ரெஜிஸ்டரில் மேலிருந்து கீழ்வரை ஆப்சென்ட் போட்டு மூடி வைத்தேன். அடுத்த அறையில் கணக்கு வகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “ஊமைப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டமா மா?” என்றார். நான் முறைத்தேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அது வடகிழக்கில், எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மலை ஊர். பஸ் நின்றுபோகும் இடத்திலிருந்து ஜீப்பில் ஒரு நாள், அதற்கு மேல் தொங்குபாலம் தாண்டி அரைநாள் நடை. பழங்குடி மக்களின் ஊர். அவர்கள் பெயரையோ ஊர்ப் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுடைய வழக்கங்களில் எனக்குப் புரிந்தது பாதிதான், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் எல்லோரையும் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

நாங்கள் இருவரும் அதற்கு முன் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். பிள்ளைகள் இல்லை. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கணவன் மனைவியாக இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று ஒரு டிரஸ்ட் விளம்பரம் கொடுத்திருந்ததைப் பார்த்து அவர்தான் விண்ணப்பம் போட்டார். என் அண்ணன், “உங்க ரெண்டு பேருக்கும் தல கெட்டுப் போச்சா? அந்தக் காட்ல போயி இன்னா பண்ணப் போறீங்க?” என்று கத்தினார். “தினமும் ஓசூர் ரோட்ல பஸ்ல தொங்கறதுக்கு, தொங்குபாலம் எவ்வளவோ தேவலை மச்சான்” என்று இவர் சிரித்தார். இப்படித்தான் எங்கள் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் ஒரு சிரிப்பில் முடியும்.

பள்ளியில் சமையல் செய்த பெண்மணிக்கு என் வயதுதான். எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவரோடு பேசியதெல்லாம் இந்தியில். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது என் காதில் தமிழாகத்தான் கேட்கிறது. முதல் நாள் மதியம் நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“மேடம், நீங்க ஒரு தடவைதானே கூப்பிட்டீங்க?”

“ஆமா. எத்தனை தடவை கூப்பிடணும், மகாராஜாக்களை?”

“மனுஷங்கன்னா ரெண்டு தடவை கூப்பிடுவாங்க. ஒரு தடவை கூப்பிட்டா இங்க யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.”

“ஒரு தடவை கூப்பிடறது யாரு அப்ப?”

அவர் மரங்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. கண்டோன்மென்ட் பக்கம் நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் பாதிக் கதவுகளில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். வீட்டு மனிதர் குரலில் ஏதோ ஒன்று வந்து கூப்பிடுமாம், கதவைத் திறந்தால் தீர்ந்ததாம், எழுதியிருப்பதைப் படித்தால் திரும்பிப் போய்விடுமாம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற என் அம்மாவும் வாசற்கதவில் சிலுவைக்கு நேர் கீழே எழுதினாள். ஆண்டவர் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். “இருக்குதுடி. அவருக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு எழுதுனேன்” என்றாள். அதை நினைத்துக்கொண்டதும் எனக்குக் கோபம் போய் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து இரண்டிரண்டு தடவை கூப்பிட்டேன். பிள்ளைகள் பட்டென்று எழுந்து நின்றார்கள். ஆனால் என்ன பதில் சொல்வது என்பதில் குழப்பம். பழைய டீச்சர் ஒருவர் ‘பிரசென்ட்’ சொல்லிக்கொடுத்திருந்தார், இன்னொருவர் வேறொன்று. நான் படித்த தமிழ் மீடியம் பள்ளியில் ‘உள்ளேன் ஐயா’ என்போம். வேடிக்கையாக அதைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களுக்கு அந்த ‘ள்ளே’ மிகவும் பிடித்துப்போனது. நாக்கை மடக்கி மடக்கிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் அந்த மலையில் காலை எட்டு மணிக்கு ‘உள்ளேன்’, ‘உள்ளேன்’ என்று கேட்க ஆரம்பித்தது.

பதினேழாம் எண்ணில் மட்டும் பதில் வரவில்லை.

அது ஒரு பெண்பிள்ளையின் பெயர். இரண்டு தடவை கூப்பிடுவேன். மற்ற பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். பக்கத்தில் உட்காருபவள் நெருக்கியடித்துக்கொண்டாலும் அந்த இடத்துக்கு நகரமாட்டாள். ‘எங்கே அவள்?’ என்றால் ‘வரவில்லை’ என்பார்கள். வயல் வேலைக்கு அனுப்பியிருப்பார்கள், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை நானே அந்த வீட்டுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர், “தீதியையும் கூட்டிட்டுப் போ” என்றார். நான் எங்கே கேட்டேன்.

தூண்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடு. தாய் மட்டும் இருந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். உப்புப் போட்ட கறுப்புத் தேநீர் கொடுத்தாள். அவளுக்கு இந்தி கொஞ்சம்தான். நான் மகளின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அது பயமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீங்க அவளைக் கூப்பிடறீங்களா?”

“தினமும் கூப்பிடறேன். ரெண்டு தடவை.”

“நாளைக்கும் கூப்பிடுவீங்களா?”

“நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமையிலிருந்து தினமும் கூப்பிடுவேன். அவ வர்ற வரைக்கும் விட மாட்டேன்” என்றேன், விரலை ஆட்டி. மிரட்டலாகத்தான் சொன்னேன். அவள் அந்த விரலையே இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெற்றோரைத் திருத்திவிட்ட பெருமையோடு நான் இறங்கி வந்தேன்.

மறு வாரம் தீதி சொன்னார். நாங்கள் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தப் பெண்ணை ஆறு கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு வழியனுப்பு உண்டு. ஆனால் அவர்களை யாரும் கூப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு தடவை கூப்பிட்டால் வா என்று அழைப்பதாகத்தான் அர்த்தம். பழைய டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிடாமலே ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஊரார் நீண்ட நாள் மன்றாடி, அந்தத் தாயை ஒருவழியாக வழியனுப்புக்குச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

“இப்ப அவ மாட்டேங்கறா மேடம். டீச்சரே கூப்பிடறாங்க, நான் எப்படி அனுப்பறதுன்னு கேக்கறா.”

ஏன் முன்பே சொல்லவில்லை என்று தீதி மேல் எரிந்து விழுந்தேன். இறந்தவளின் பெயரைச் சொல்லி இறந்துவிட்டாள் என்று சொல்வது அங்கே வழக்கமில்லையாம். ‘வரவில்லை’ என்பதுதான் சொல். பிள்ளைகள் என்னிடம் பொய் சொல்லவே இல்லை.

அன்று மாலையே வீட்டுக்காரர் மேட்டில் ஏறி நின்று டிரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டார், பெயரை நீக்கச் சொல்லி. அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். ரெஜிஸ்டரில் இருபது பெயர் இருந்தால் இரண்டு ஆசிரியர். பத்தொன்பது என்றால் ஒருவர்தான். மற்றவரை ஆள் இல்லாத வேறு பள்ளிக்கு, அடுத்த பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடுவார்கள். நடந்து போனால் மூன்று நாள். “பேர் பாட்டுக்கு இருக்கட்டுமே சார், யாருக்கு என்ன கஷ்டம்?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. சண்டை போட்டாலும் ஒரே அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்துதான் பழக்கம். அந்தக் குளிரில், அந்த மலையில், அவர் இல்லாமல் ஒரு நாளும் என்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், யோசனை என்னுடையதுதான். பெயர் ரெஜிஸ்டரில் இருக்கட்டும், நான் கூப்பிடவும் செய்கிறேன், ஆனால் ஒரே ஒரு தடவை. தாய்க்குக் கொடுத்த வாக்கும் தப்பாது. ஒரு தடவை கூப்பிட்டால் அது மனிதர் கூப்பிட்டதாக ஆகாது, அதனால் ஊருக்கும் வருத்தமில்லை. ஊர்ப் பெரியவர்கள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். தீதி மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கேட்டால், “நீங்க படிச்சவங்க மேடம்” என்றார்.

அதன்பின் ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. பதினாறாவது பெயரை இரண்டு தடவை, பதினேழை ஒரு தடவை, பதினெட்டை இரண்டு தடவை. அந்த ஒற்றைக் கூப்பாட்டுக்குப் பிறகு வரும் அமைதி எனக்குப் பழகவே இல்லை. காலையில் பள்ளிச் சுவருக்கு வெளியே அந்தத் தாய் நிற்பது ஜன்னல் வழியே தெரியும். மகளின் பெயரைக் கேட்டதும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். வழியனுப்புக்கு மட்டும் அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. பாவம், கொஞ்ச நாள் போனால் தேறிவிடுவாள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் விடுமுறைக்குப் பெங்களூர் வந்திருந்தபோது மலை ஊரில் மழை பிடித்துக்கொண்டது. மலை சரிந்து ரோடு போயிற்று. தொங்குபாலமும் அறுந்தது. இரண்டு மாதத்துக்கு யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது என்றார்கள். பொம்மனஹள்ளியில் அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கினோம். வகுப்பைப் போனிலேயே எடுக்கச் சொன்னது டிரஸ்ட். பள்ளி வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். தீதி பெஞ்சுகளை அங்கே இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று தன் போனை ஒரு காலி அலுமினிய அண்டாவுக்குள் வைத்தார். நல்ல யோசனைதான். என் குரல் கணீரென்று கேட்டதாம்.

முதல் நாள் காலை எட்டு மணி. கீழே அண்ணி குக்கர் வைத்திருந்தாள். தெருவில் ஐடி கம்பெனி கேப் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ரெஜிஸ்டரைப் பிரித்துக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு பதிலும் இரண்டு மூன்று விநாடி தாமதித்துத்தான் வந்தது. பிள்ளைகளின் குரல்கள் அண்டாவுக்குள்ளிருந்து வந்தன, எல்லாம் ஒரே மாதிரி, யாருடையது எது என்று பிரித்தறிய முடியவில்லை.

பதினேழு வந்தது. வழக்கம்போல ஒரே தடவை கூப்பிட்டேன். நான் சொன்ன பெயர் அண்டாவில் மோதி, என் குரலிலேயே, சற்று நிதானமாக, எனக்கே திரும்பி வந்தது. இரண்டாவது தடவை.

“உள்ளேன்” என்றது போன்.

அவர் கையில் கத்தி அப்படியே நின்றது. நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். தெருவில் கேப் கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

“யாரு மா அது?”

“எவளோ விளையாடறா.”

“அந்தப் பேருலயா?”

அதுதான் விஷயம். அந்தப் பெயரை வைத்து அங்கே எந்தப் பிள்ளையும் விளையாடாது. மிச்சப் பெயர்களை முடித்துவிட்டு, யார் பதில் சொன்னது என்று கேட்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம். அப்புறம் ஏதோ ஒரு பிள்ளை, “யாருமில்லை டீச்சர்” என்றது.

எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் நாங்கள் போவதற்கு முன்பே போய்விட்டாள். ‘உள்ளேன்’ என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. அப்படியானால் பதில் சொன்னது உயிரோடிருக்கும் யாரோதான். கணக்கு வாத்தியார் மனைவிக்கு இந்த அளவு தர்க்கம் வராதா என்ன? ஆனால் அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. ஒன்றரை வருஷமாகப் பள்ளிச் சுவரைச் சுற்றித் திரிந்த எதுவாக இருந்தாலும் அந்தச் சொல் அதற்குத் தெரிந்திருக்குமே.

மறுநாள் போனை அண்டாவிலிருந்து எடுத்துத் தரையில் வைக்கச் சொன்னேன். எதிரொலி போய்விட்டது. பதினேழை ஒரே தடவை கூப்பிட்டேன், நன்றாகக் கவனித்து, ஒரே ஒரு தடவை.

“உள்ளேன்.”

ஒரு தடவைக்கு அந்த ஊரில் எந்த மனிதரும் பதில் சொல்வதில்லை. முதல் நாளே நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. இன்னொன்றை என் வீட்டுக்காரர்தான் கவனித்தார். மற்ற பதில்கள் எல்லாம் தாமதித்து வர, இது மட்டும் உடனே வந்தது. நான்காம் நாள் நான் பதினாறுக்கு டிக் போட்டுவிட்டுப் பதினேழுக்கு வாயைத் திறப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. நான் பெயரைச் சொல்லவே இல்லை. “உள்ளேன்” என்று சொல்லிவிட்டு அது அமைதியாகக் காத்திருந்தது.

தீதியிடம் கேட்டேன். “நான் பருப்பைக் கிளறிட்டு இருந்தேன் மேடம், கவனிக்கலை” என்றார். அவர் அப்படிச் சொல்பவர் அல்ல. பாத்திரம் நகர்ந்தாலும் கவனிப்பவர்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டிலும் இருப்பு கொள்ளவில்லை. அண்ணி கீழேயிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் அசைய மாட்டேன். “காது கேக்கலியா உனக்கு? காபி ஆறிப் போவுது” என்று அவள் மேலே வந்து நிற்பாள். அவர் குளியலறையிலிருந்து துண்டு கேட்டால்கூட, இரண்டாவது தடவை கேட்கும்வரை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் பத்து மணி இருக்கும், அவர் பால் வாங்கப் போயிருந்தார். படிக்கட்டிலிருந்து “டீச்சர்” என்று யாரோ கூப்பிட்டார்கள். ஒரு தடவை. எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. தண்ணீர் டேங்கர்க்காரராக இருக்கலாம் என்று அவர் சொன்னார். டேங்கர்க்காரர் என்னை அக்கா என்பார். அண்ணன் வீட்டை விட்டால், அந்த லேஅவுட்டில் நான் டீச்சர் என்று யாருக்கும் தெரியாது. இன்றுவரை அது யார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் ஒரு காலை அங்கே மேகம் விலகியிருந்தது போல. சிக்னல் நன்றாக இருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் வீடியோவை அழுத்தினேன். தீதி பழக்கத்தில் எடுத்துவிட்டார். படம் நின்று நின்று வந்தது. தகரக் கூரை, ஈரத் தரை, பெஞ்சுகள். பிள்ளைகள் நேராக உட்கார்ந்து ஒன்றும் நடக்காதது போல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில், எப்போதும் காலியாக இருக்கும் அந்த இடத்தில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்ச் சிறியது. முழங்கால்கள் உயர்ந்து துருத்திக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பள்ளி ஸ்வெட்டரை மார்போடு மடித்துப் பிடித்திருந்தாள்.

அந்தத் தாய்தான்.

படம் உறைந்தது. குரல் மட்டும் வந்தது. பதினாறாம் பிள்ளை யாரும் கூப்பிடாமலே பதற்றத்தில் “உள்ளேன்” என்றது. அதன் வால் பிடித்து அவளும் சொன்னாள். வரிசை அவளுக்கு மனப்பாடம். பெயருக்காக அவள் காத்திருக்கவில்லை, முறைக்காகத்தான் காத்திருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ‘மனுஷிதான்!’ என்று அவர் தோளில் அடித்தேன். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டுத் தீதியைத் தனியே வரச் சொல்லிக் கேட்டேன். போன் வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்தே வருகிறாளாம். டீச்சர் ஊரில் இல்லை, யார் துரத்தப்போகிறார்கள் என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாளாம். பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்களாம். என்னிடம் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று யாரும் சொல்லவில்லை.

“இருக்கட்டும் தீதி. ஆனா ஒரு தடவைக்கு ஏன் பதில் சொல்றா? அது மனுஷங்க கூப்பிடறதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அதனாலதான் சொல்றா மேடம்.”

எனக்குப் புரியவில்லை. தீதி குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு தடவை கூப்பிடறதுக்கு யார் பதில் சொல்றாங்களோ அவங்களை அது கூட்டிட்டுப் போயிடும். அவ பொண்ணு அங்கதானே இருக்கா. ஒன்றரை வருஷமா நீங்க தினமும் வழியைத் திறந்து திறந்து விடறீங்கன்னு அவ நினைக்கறா. சுவருக்கு வெளிய நின்னவரைக்கும் தைரியம் வரலையாம். இப்ப வந்துடுச்சாம். போன வாரத்துல இருந்து, வகுப்பு முடிஞ்சதும் ஆத்தோரம் போய் உட்கார்ந்துக்கறா. நாங்க மாறி மாறிக் காவலுக்குப் போறோம். தண்ணி பெரிசாப் போகுது.”

நான் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. இரண்டு தடவை கூப்பிட்ட வரைக்கும் அவள் மகளைத் திரும்பி வரச் சொன்னேன். அது தெரியாமல் செய்தது. ஒரு தடவையாக மாற்றியதிலிருந்து தாயைப் போகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இது, அந்தப் பெண் போய்விட்டாள் என்று தெரிந்தே செய்தது. என் கணவரோடு ஒரே கூரையின் கீழ் தூங்க வேண்டும் என்பதற்காக, செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரை ஒன்றரை வருஷம் பிடித்து வைத்திருந்தேன். வாய்விட்டு அழுதேன். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியையும் தட்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பேரை அடிச்சிடு மா” என்றார்.

“அப்புறம் நீங்க?”

“நான் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போறேன். அங்கயும் கணக்கு வராத பசங்க இருப்பாங்க. எனக்கென்ன, ஓசூர் ரோடு பார்த்தவன்.”

“நான் தனியா இருக்க மாட்டேன்.”

“தெரியும். இருந்துதான் ஆவணும்.”

அவர் சிரிக்கவில்லை. பெரிய முடிவு ஒன்றை அவர் சிரிக்காமல் எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று மாலை ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால், பதினேழாம் எண்ணின் மேல் கோடு இழுத்தேன். கோடு நேராக வரவில்லை. அவர் அதைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் ‘சரி’ என்று பதில் வந்தது. எங்கள் வாழ்க்கையை இரண்டாக வெட்ட அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல ஆரம்பித்தேன். தீதியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், அவளுக்குப் பக்கத்திலேயே நிற்கும்படி. பதினாறை இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் வந்தது. உடனே, மூச்சு விடாமல், பதினெட்டை இரண்டு தடவை கூப்பிட்டேன். நடுவில் அவள் “உள்ளேன்” என்றது என் குரலுக்குள் மாட்டிக்கொண்டு பாதியில் நின்றது. பதினெட்டாம் பிள்ளை பதில் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னது. பத்தொன்பது. இருபது. ரெஜிஸ்டரை மூடினேன்.

அந்தப் பக்கம் பெஞ்ச் நகரும் சத்தம். காலடிகள். போனுக்கு மிக அருகில் மூச்சு. அவளுடைய உடைந்த இந்தியில், பணிவாக, தப்பைச் சுட்டிக்காட்டும் நல்ல மாணவியின் குரலில் சொன்னாள்.

“டீச்சர், ஒண்ணு விட்டுட்டீங்க.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடலை மா. பேரை எடுத்துட்டேன்.”

“நாளைக்குக் கூப்பிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“ஒரு தடவை?”

“ஒரு தடவையும் மாட்டேன்.”

தகரத்தில் மழை ஆரம்பித்தது. பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் எவரும் அதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றும் தெரியும். வெளியூர்க்காரி நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அவ வரமாட்டாளா?”

“வரமாட்டா மா.”

பிறகு அவள், வேறு யாரிடமோ வீட்டு வேலையைப் பற்றி விசாரிப்பது போன்ற சாதாரணக் குரலில் கேட்டாள்.

“அப்ப இனிமே அவ தட்டுல சோறு வைக்க வேணாமா?”

“வேணாம் மா” என்றேன்.